கொண்டலும் கோடையும் இறங்கும் ஓடுபாதை

மே மாதத்துப் பகல், பன்னிரண்டரை மணி. பம்மலில் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் கிடக்கும் வேட்டி, காலையிலிருந்து கிழக்கே பல்லாவரம் ரயில் நிலையத்துப் பக்கமாகவே படபடத்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று தொய்ந்து தொங்குகிறது. பத்து நிமிடம் இலை அசையாத புழுக்கம். பிறகு ஓர் ஈரக்காற்று வந்து வேட்டியை மேற்கு நோக்கித் தூக்குகிறது. “கடக்காத்து வந்துருச்சு” என்று கீழிருந்து அம்மா சொல்கிறார். அவர் துணியைப் பார்த்துச் சொல்லவில்லை, வானத்துச் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறார்.

காலையெல்லாம் எங்கள் தலைக்கு மேல் போனவை மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி ஏறும் விமானங்கள். முழு விசையில் போகும்; ஜன்னல் கண்ணாடி அதிரும். கடல்காற்று வந்த பிறகு கேட்பது வேறு ஓசை. சக்கரங்களைக் கீழே இறக்கிவிட்டு, நீண்ட முனகலோடு இறங்க வருகிற விமானங்கள். ஒரு சர்வதேச விமான நிலையம் சிறிது நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது. வாசல் கொல்லையாயிற்று, கொல்லை வாசலாயிற்று.

இந்தத் திருப்பத்தைச் செய்தது காற்று. சென்னை விமான நிலையத்தில் ஒரு நாளுக்குள் நடக்கிற பெரிய முடிவுகளில் பாதியையாவது அதுதான் எடுக்கிறது. விமானம் தாமதமானால் பயணிகளாகிய நாம் கோபிக்கிறோம். இறங்க வந்த விமானம் மறுபடி மேலே ஏறினால் பதறுகிறோம். அந்த நேரத்தில் விமானி அறையில் எதை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எண்ணில் ஒளிந்திருக்கும் திசை

ஓடுபாதையின் முனையில் பெரிய வெள்ளை எண்கள் எழுதியிருக்கும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. இவை வரிசை எண்கள் அல்ல, திசைகள். வடக்கிலிருந்து வலப்பக்கமாக எண்ணினால் 70 பாகை, அதாவது கிழக்கு-வடகிழக்கு, 07. அதற்கு நேர் எதிரே 250 பாகை, மேற்கு-தென்மேற்கு, 25. சுமார் 3,658 மீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையின் ஒரு முனை வடகிழக்குப் பருவக்காற்று வரும் பக்கத்தைப் பார்க்கிறது, மறுமுனை தென்மேற்குப் பருவக்காற்று வரும் பக்கத்தை. கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும் மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயரிட்டவர்கள் நாம். அந்த இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி இழுத்ததுபோல் கிடக்கிறது இந்த ஓடுபாதை.

காற்றை எதிர்த்து இறங்குவதுதான் விமானத்துக்கு நல்லது. காரணம் எளிது. இறக்கையைத் தாங்குவது தரையின் வேகம் அல்ல, இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம். 135 நாட் வேகத்தில் இறங்கும் ஒரு விமானத்துக்கு 15 நாட் எதிர்க்காற்று இருந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் 120 நாட்தான். அதே 15 நாட் முதுகிலிருந்து தள்ளினால் 150 நாட். முப்பது நாட்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. இரண்டாவது விமானத்தின் பிரேக் ஒன்றரை மடங்குக்கு மேல் உழைக்க வேண்டும். அதனால்தான் பெரும்பாலான பயணிகள் விமானங்களுக்குப் பின்காற்றின் எல்லை 10 நாட் என்ற அளவில் நிற்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.

மே, ஜூன் மாதக் காலைகளில் மேலைக்காற்று வலுவாக இருக்கும். விமானங்கள் கடல்மேல் சுற்றி வந்து, அடையாறு, கிண்டி வழியாகப் பரங்கிமலையை ஒட்டி, 25-ல் இறங்கும். நடுப்பகலுக்குள் தரை கொதித்துவிடும். தரைமேல் உள்ள காற்று சூடாகி இலேசாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் கிடக்கும் குளிர்ந்த கனத்த காற்று உள்ளே நுழைகிறது. கடற்கரையிலிருந்து மீனம்பாக்கம் பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரம். மெரினாவில் காற்று திரும்பிய பிறகு அது இங்கே வந்து சேரச் சிறிது நேரம் பிடிக்கும். வந்து சேர்ந்த அடையாளம் உடனே தெரியும்: வெப்பம் சட்டென்று சில பாகை இறங்கும், ஈரம் ஏறும், காற்றுப்பை தென்கிழக்கிலிருந்து நிரம்பும்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களுக்கு அதுவே நெருக்கடியான வேளை. வரிசையாக 25-ஐ நோக்கி வந்துகொண்டிருக்கும் விமானங்களை எந்த விமானத்தோடு நிறுத்துவது, யாரைச் சுற்றவைத்து மேற்குப் பக்கம் கொண்டுபோவது, தரையில் புறப்படத் தயாராக நிற்பவர்களை எப்படி மறுமுனைக்கு உருட்டிச் செல்வது என்று எல்லாவற்றையும் ஒன்றாக யோசிக்க வேண்டும். சீக்கிரமே திருப்பினால் காற்று மனம் மாறிப் பழையபடி மேற்கிலிருந்து அடிக்கக்கூடும். தாமதித்தால் பின்காற்றில் இறங்க நேரும். நாம் வானத்தில் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றும் அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

மேலைக்காற்று மிக வலுவாக இருக்கும் நாட்களில் கடல்காற்று தோற்றுப்போகும். அன்றுதான் சென்னை வேகும். 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவானது. அத்தகைய வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து, இறக்கைக்குக் கிடைக்கும் தாங்கலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் விசையும் குறையும். விமானம் அதிக தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். சில நேரம் சுமையைக் குறைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருக்கும்.

இரண்டாவது ஓடுபாதை ஒன்றும் உண்டு: 12/30. முதன்மைப் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்வது. அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. அதன் 12 என்ற முனையிலிருந்து பார்த்தால் 120 பாகை, நேராகக் கடல்காற்றின் வாய். சிறிய விமானங்களுக்கு அது கைகொடுக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்வதால் இரண்டிலும் ஒரே சமயத்தில் தன்போக்கில் விமானங்களை விட முடியாது.

அரை மணிக்கு ஒரு சேதி

விமானிகள் பேசிக்கொள்ளும் மெட்டார் என்பது அரை மணிக்கு ஒருமுறை விமான நிலைய வானிலை அலுவலகம் எழுதும் குறுஞ்சேதி. காற்று எந்தப் பாகையிலிருந்து, எத்தனை நாட்; கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது; மேகத்தின் அடி எத்தனை அடி உயரத்தில்; வெப்பம், பனிநிலை, காற்றழுத்தம். அவ்வளவும் ஒரே வரியில், குறியீடாக. நிலைமை சட்டென்று மோசமானால் அரை மணி காத்திருக்காமல் சிறப்புச் சேதி போகும்.

இதற்கு மேல், நாளுக்கு இருமுறை மீனம்பாக்கத்திலிருந்து வாயு நிரப்பிய பலூன் ஒன்று, சிறிய கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு 20 கி.மீ.க்கும் மேலே ஏறுகிறது. நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 என்ற கணக்குக்கு உலகம் முழுவதும் இதே வேளையில் பலூன்கள் ஏறுகின்றன. அந்தப் பலூன்கள் சொல்லித்தான் நம் வானத்தின் மாடிகள் தெரியவந்தன. ஜூன் மாதத்தில் தரையில் காற்று மேற்கிலிருந்து வீசும். ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்திலோ கிழக்கிலிருந்து பெருவேகத்தில் ஓடும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று இதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். ஆண்டு 1958. பள்ளிப் பாடத்தில் இந்தப் பெயர் ஏன் இல்லை என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

2002-ல் சென்னைத் துறைமுகப் பகுதியில் டாப்ளர் ராடார் வந்தது. மழைத்துளி எங்கே இருக்கிறது என்பதோடு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதையும் அது சொல்லும். மாலை நேரத்து இடிமேகங்களுக்கு அது பெரிய துணை.

அந்த மேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, உள்ளே வரும் கடல்காற்றும் எதிரே வரும் மேலைக்காற்றும் மோதும் கோட்டில் காற்று மேல்நோக்கி எக்கும். நிலத்துச் சூடும் சேர்ந்துகொண்டால் மாலைக்குள் கியூமுலோநிம்பஸ் எழும்பிவிடும். விமானிகள் சுருக்கமாக ‘சிபி’ என்பார்கள். 15 கி.மீ. உயரம்வரை நிற்கும் கோபுரம் அது. எந்தப் பெரிய விமானமும் அதற்குள் நுழைய விரும்பாது, விலகித்தான் போகும். 2023 ஜூன் 18 இரவு தொடங்கி 19 காலைக்குள் மீனம்பாக்கத்தில் சுமார் 16 செ.மீ. கொட்டியபோது, வெளிநாடுகளிலிருந்து வந்த விமானங்கள் பெங்களூருக்குத் திரும்பிப் போனது இப்படித்தான்.

மழையைவிடக் கொடியது அந்த மேகம் கீழே தள்ளும் காற்று. குளிர்ந்த காற்றுத் தூண் ஒன்று தரையில் மோதி, தண்ணீரைத் தரையில் கொட்டியதுபோல் நாலாபுறமும் சிதறும். இறங்க வரும் விமானம் அதன் ஓரத்தில் நுழைந்ததும் எதிர்க்காற்று கூடும், வேகமானி ஏறும், விமானி இயல்பாக விசையைக் குறைப்பார். அடுத்த நொடிகளில் நடுத்தூண் கீழே அமுக்கும். அதைத் தாண்டினால் அதே காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வந்து, இறக்கையின் தாங்கலைப் பறித்துவிடும். 1975 ஜூன் 24-ல் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், அதுவும் கடலோரம்தான், ஒரு விமானம் இப்படி ஓடுபாதைக்கு முன்பே விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த விபத்தைத் துருவித்தான் ஃபுஜிதா என்ற அறிவியலாளர் இந்தக் காற்றுவெடிப்பை அடையாளம் கண்டார். இன்று விமானத்தின் மூக்கிலிருக்கும் ராடாரே “விண்ட் ஷியர்” என்று குரல் கொடுக்கிறது. அந்தக் குரல் கேட்டால் விவாதம் இல்லை. முழு விசை, மேலே.

போகிப் புகை

சென்னைக்குப் பனிமூட்டம் பெரிய தொல்லை அல்ல. டெல்லியில் குளிர்காலம் முழுதும் நடக்கிற போராட்டம் இங்கே ஜனவரி, பிப்ரவரியில் சில விடியற்காலைகளோடு முடிந்துவிடும். ஆனால் போகி தனிக் கதை. அன்று தரைக்காற்று ஓய்ந்திருக்கும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று படிந்து, அதன்மேல் சூடான காற்று மூடிபோல் கிடக்கும். அந்த மூடிக்குக் கீழே பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் எங்கும் பழைய பாயும் டயரும் எரிகின்றன. புகைத்துகள் ஒவ்வொன்றும் ஒரு பனித்துளிக்கு விதை. 2018 போகிக் காலையில் இதனால் விமானச் சேவையே குலைந்தது.

கருவி கொண்டு இறங்கும் முறையில் அடிப்படை வகைக்கு இரண்டு எல்லைகள். ஓடுபாதையில் 550 மீட்டர் தூரமாவது தெரிய வேண்டும். 200 அடி உயரத்துக்கு வந்ததும் விளக்குகள் கண்ணில் பட வேண்டும். படவில்லை என்றால் ஏறிவிட வேண்டும். 200 அடி என்பது அறுபது மீட்டர்தான். அந்த வேகத்தில் அது தரைக்குப் பதினாறு, பதினேழு நொடித் தூரம். 550-ஐ அளப்பது கண் அல்ல. ஓடுபாதை ஓரத்தில் நின்று ஒளிக்கற்றை எவ்வளவு மங்குகிறது என்று கணக்கிடும் கருவி. நம் நாட்டு விமான நிலையங்களில் பல இடங்களில் நிற்கும் ‘திருஷ்டி’ பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தில் உருவானது. எங்கள் தெருவில் டயர் எரிப்பதை நிறுத்தச் சொல்லி வருடாவருடம் நான் போய் நிற்கிறேன். சில வீடுகள் கேட்கின்றன.

வாடையின் நாட்கள்

அக்டோபரில் கொண்டல் நிலைத்ததும் ஓடுபாதை பெரும்பாலும் 07-க்குத் திரும்பிவிடும். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 செ.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். கொண்டல் மழையாகப் பெய்தாலும் ஓடுபாதைக்கு நேர்முகமாக வருவதால் விமானிகளுக்குப் பழக்கமான நண்பன். சங்கடம் வங்கக்கடலில் புயல் உருவாகும்போது. நம் வட அரைக்கோளத்தில் புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடுகிறது. தென்கிழக்கிலிருந்து புயல் நெருங்கி வரும்போது சென்னையில் முதலில் அடிப்பது வாடை. வடக்கிலிருந்து வரும் அது 70 பாகைப் பாதையை ஏறக்குறையச் செங்குத்தாக வெட்டுகிறது. கொண்டலுக்கும் கோடைக்கும் மடி கொடுத்த பாதை வாடைக்கு விலாவைக் காட்டுகிறது.

புயல் நகருக்குத் தெற்கே கரை கடந்தால் காற்று வடக்கிலிருந்து வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று சுற்றும். வடக்கே போனால் வடமேற்கு, மேற்கு என்று எதிர்ப்பக்கம் திரும்பும். கடலோடிகள் உடம்பால் அறிந்ததை இங்கே ஊசி காட்டுகிறது.

பக்கக்காற்றில் இறங்குவது நண்டு நடை. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, உடம்பு ஓடுபாதை நோக்கிச் சாய்வாக நகரும். தரைக்குச் சில அடிகள் இருக்கும்போது கால்மிதியை அழுத்தி மூக்கை நேராக்கி, அதே நேரத்தில் காற்றுப் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, சக்கரத்தை வைக்க வேண்டும். ஏர்பஸ் ஏ320 விமானத்தைச் சோதனையில் இறக்கிக் காட்டிய பக்கக்காற்று, திடீர் வீச்சையும் சேர்த்து 38 நாட். மணிக்குச் சுமார் 70 கி.மீ. அது காய்ந்த பாதையின் கணக்கு. ஓடுபாதையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீர் நின்றால் கணக்கே வேறு. டயர் நீரை விலக்க முடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். டயர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்றால், சுமார் 127 நாட் வேகத்துக்கு மேல் இந்த மிதப்பு வரலாம். இறங்கும் வேகமே அதற்கு மேலே இருக்கிறது.

2024 நவம்பர் 30-ஐ எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் நெருங்கிக்கொண்டிருந்த மழைப்பகலில், மும்பையிலிருந்து வந்த விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொடப்போகும் கணத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, தடுமாறி, சட்டென்று விசை கூட்டி மேலே ஏறியது. “தப்பித்தார்கள்”, “மயிரிழை” என்று தலைப்புகள் வந்தன. எனக்கு அந்த வார்த்தைகள் உறுத்தின. அந்த விமானியின் கைகள் முன்பே தயாராக இருந்தன. ஒவ்வோர் இறக்கத்திலும், நல்ல வெயில் நாளிலும்கூட, “சரியில்லை என்றால் ஏறிவிடுவோம்” என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். மேகத்துக்குள் என்றால் 1,000 அடியில், கண்ணுக்குத் தெரிந்தால் 500 அடியில், வேகமும் பாதையும் இறக்கை மடிப்புகளும் ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும். அமையாவிட்டால் கோ-அரவுண்ட். தலைமை விமானியா, துணை விமானியா என்று பார்க்காமல் யாரும் அதைச் சொல்லலாம்.

சொல்லியும் கேட்காத நாளின் விலை நமக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோடு. தென்மேற்குப் பருவமழை. துபாயிலிருந்து வந்த விமானம் முதல் முயற்சியில் சரியாகவே திரும்பி ஏறியது. இரண்டாவது முறை மறுமுனையிலிருந்து, பின்காற்றோடு இறங்கியது. நனைந்த மேட்டு ஓடுபாதையின் பாதியளவு கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. பாதை முடிந்து பள்ளத்தில் விழுந்ததில் விமானிகள் இருவரும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். ஒழுங்குபடாத இறக்கத்தைத் தொடர்ந்ததையும், அருகிலிருந்தவர் ஏறச் சொல்லியும் ஏறாததையும் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புயல்களுக்கு முன் சிறு விமானங்களைக் கயிற்றால் கட்டுவார்கள்; பறக்கக்கூடியவற்றை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தாவின்போதும், 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாமின்போதும் மீனம்பாக்கம் மூடப்பட்டது. எல்லாவற்றையும் மிஞ்சியது 2015. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., மீனம்பாக்கத்தில் சுமார் 35 செ.மீ. அடையாறு கரை மீறி விமான நிலையத்துக்குள் வந்தது. டிசம்பர் 6 வரை வழக்கமான சேவை இல்லை; அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் பறந்தன. கடலோரத்தில் விமானத் தளம் அமைப்பவர்களுக்கு இது பழைய பாடம். 1932-ல் ஜே.ஆர்.டி. டாட்டா தொடங்கிய தபால் விமானச் சேவை பம்பாயின் ஜூஹூவிலிருந்து பெல்லாரி வழியாக மதராஸ் வந்தது. அந்த ஜூஹூ மைதானமே மழைக்காலத்தில் சேறாகிவிட, ஒவ்வோர் ஆண்டும் பூனாவுக்கு இடம் மாற வேண்டியிருந்தது. ஆற்றங்கரையில் ஓடுபாதை இருக்கும்வரை ஆற்றின் அகலத்தையும் நாம்தான் காக்க வேண்டும். அதைக் குறுக்கிவிட்டு மழையைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு நவம்பர் இரவு நானும் மும்பையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பல்லாவரத்து விளக்குகள் மழைக்குள் கலங்கித் தெரிந்தன. சக்கரம் இறங்கிவிட்டது. திடீரென்று எஞ்சின்கள் உறுமி, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. விளக்குகள் மறைந்தன. இருபது நிமிடம் சுற்றினோம். பிறகு திருச்சிக்குப் போவதாக அறிவிப்பு. புறப்படும்போதே மாற்று ஊருக்குப் போய்ச் சேர்வதற்கான எரிபொருளும், அங்கே மேலும் முப்பது நிமிடம் பறப்பதற்கான இருப்பும் ஏற்றித்தான் கிளம்புகிறார்கள். சென்னைக்குமேல் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை அந்தக் கணக்குதான் சொல்கிறது.

திருச்சியில் கதவைத் திறக்காமல் காத்திருந்தோம். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தவர் எழுந்து விமானி அறைப் பக்கம் போய்விட்டார். காலையில் மகளுக்கு நிச்சயதார்த்தம் அவருக்கு. “என்ன சார், மழை பெய்ஞ்சா பிளேன் இறங்காதா? பக்கத்துல வந்துட்டுத் திரும்பினா என்ன அர்த்தம்?” குரல் உடைந்திருந்தது. விமானி அறையிலிருந்து தலைமை விமானி வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. எதுவும் பதில் சொல்லாமல் கையிலிருந்த பலகைக் கணினியை அவர் பக்கம் திருப்பினார். ராடார் படம். கரையோரமாக ஒரு சிவப்புத் தீற்று, அதன் நடுவில் மீனம்பாக்கம். விரலால் அந்தச் சிவப்பு மெல்லக் கடலுக்குள் நகர்வதைக் காட்டி, “இன்னும் ஒரு மணி நேரம், ஐயா. அது தாண்டினதும் முதல் ஆளா உங்களைக் கொண்டுபோய் விடறேன்” என்றார்.

பெண்ணின் அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார்: “திருச்சியில இருக்கேம்மா. மழை நகருதாம். விடியறதுக்குள்ள வந்துருவேன்.”